பனி வரைந்த நீர்வழி

கனடாவின் வடக்கே, ஹட்சன் விரிகுடாவுக்கு மேற்கில், பேக்கர் லேக் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆண்டு முழுதும் அங்கே விழும் மழையையும் பனியையும் சேர்த்து நீராக அளந்தால் சுமார் 270 மில்லிமீட்டர்தான் தேறும். தார்ப் பாலைவனத்து ஜெய்சல்மருக்குக் கிடைப்பதைவிடச் சற்றே கூடுதல். வறண்ட பூமியாகத்தான் இருக்கும் என்று நினைத்து வரைபடத்தை விரித்தால், நிலத்தைத் தேட வேண்டியிருக்கிறது. எங்கும் ஏரி. ஏரிக்குள் தீவு, தீவுக்குள் குளம், இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒரு சிற்றோடை, அந்த ஓடை போய் முடியும் இடத்தில் மூன்றாவது ஏரி. மரமில்லாத இந்தக் குளிர்ச் சமவெளியைத் தூந்திரம் என்கிறோம். இங்கே ஊருக்கு ஊர் சாலை கிடையாது. ஆனால் கோடையில் ஒரு கனூவும் இரண்டு துடுப்புகளும் இருந்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகலாம். கனூ என்பது இரு முனையும் கூரான, மேல்மூடி இல்லாத, ஒடுங்கிய படகு.

பாலைவனத்து மழையில் இத்தனை ஏரிகள் எப்படி வந்தன? விடை தரைக்குக் கீழே இருக்கிறது. கோடையில் மேல்மண் ஒரு மீட்டர், சில இடங்களில் சற்றுக் கூடுதலாக, இளகுகிறது. அதற்குக் கீழே சில நூறு மீட்டர் ஆழம்வரை மண்ணும் பாறையும் கோடையிலும் இளகுவதில்லை. இதற்கு நிலை உறைமண் என்று பெயர். தூம்பு அடைத்துக்கொண்ட மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் நிற்பதுபோல, உருகிய பனி கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கிறது. குளிரில் ஆவியாகிப் போவதும் குறைவு. கொஞ்சமாகப் பெய்கிறது, ஆனால் பெய்ததில் பெரும்பகுதி தங்கிவிடுகிறது.

அந்தத் தண்ணீர் ஏன் ஒழுங்காகக் கடலைப் பார்த்து ஓடிப் போகவில்லை என்பது அதைவிடச் சுவையான கேள்வி. வயதான ஆறு தன் பள்ளத்தாக்கைத் தானே வெட்டிக்கொள்ளும். வழியில் இருக்கும் குழிகளை வண்டலால் நிரப்பும், மேடுகளை அரித்துத் தணிக்கும். இங்கே ஆறுகளுக்கு அந்த அவகாசமே கிடைக்கவில்லை. கடைசிப் பனியுகத்தில் கனடாவின் பெரும்பகுதியை லாரன்டைட் பனிவிரிப்பு மூடியிருந்தது. அதன் கனம் சில இடங்களில் 3 கிலோமீட்டருக்கும் மேல். பேக்கர் லேக் இருக்கும் கீவேட்டின் பகுதியை அது முழுவதுமாக விட்டு விலகி ஏறத்தாழ 8,000 ஆண்டுகளே ஆகின்றன. நிலவியல் கணக்கில் இது நேற்றைய செய்தி. பனி சுரண்டிய குழிகள் அப்படியே ஏரிகளாக நிற்கின்றன. ஒரு குழி நிரம்பினால் அதன் விளிம்பில் மிகத் தாழ்வான இடம் பார்த்துத் தண்ணீர் வழிந்து அடுத்த குழியில் விழுகிறது. ஏரி, சிறு பாய்ச்சல், மறுபடி ஏரி என்று கோத்துக்கொண்டு போகும் இந்தச் சங்கிலிக்குத்தான் ஆறு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கனூ பயணி காணும் ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு மணல்மேடும், இறங்கித் தூக்கிச் சுமக்க வேண்டிய ஒவ்வொரு பாறையும் அந்தப் பனி விட்டுப்போன வேலைதான்.

இதைக் கனூவில் உட்கார்ந்தே படித்தறிந்தவர் ஜோசப் பர் டிரெல். கனடா நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த இவரும் இவருடைய தம்பி ஜேம்ஸும் 1893ஆம் ஆண்டுக் கோடையில் எட்டுப் பேர் கொண்ட குழுவாக அத்தபாஸ்கா ஏரியிலிருந்து கிளம்பி, டுபான்ட் ஆற்றின் வழியே வடக்கே இறங்கினார்கள். துடுப்புப் போட்டவர்களில் சிலர் மொன்றியால் அருகிலுள்ள கானவாகே ஊரின் இரோக்வா மக்கள். பாய்ச்சல் நீரில் அவர்கள் பரம்பரைத் தேர்ச்சி பெற்றவர்கள். ஆகஸ்ட் மாதத்திலும் டுபான்ட் ஏரியில் பனிக்கட்டி கலையாமல் கிடந்தது. கரையில் இறங்கிய இடமெல்லாம் டிரெல் பாறைகளில் இருந்த கீறல்களைக் கவனித்தார். பனி நகரும்போது அதன் அடியில் சிக்கிய கற்கள் கிழித்த கோடுகள் அவை. கோடுகள் காட்டும் திசைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஹட்சன் விரிகுடாவுக்கு மேற்கிலேயே ஒரு பெரும் பனி மையம் இருந்தது என்றும், அங்கிருந்து பனி வெளியே பரவியது என்றும் அவருக்குப் புலப்பட்டது. ஊரும் சாலையும் இல்லாத வெளியில், துடுப்புக்கும் பசிக்கும் நடுவே, ஒரு கண்டத்தின் பனி வரலாற்றைக் கற்கீறல்களிலிருந்து கூட்டிப் படித்தார்கள். அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பயணங்களில் இது ஒன்று.

அவர்கள் கண்ட இன்னொரு விந்தை எஸ்கர். தட்டையான வெளியில், ரயில் பாதைக்கு மண் கொட்டி உயர்த்திய கரை மாதிரி, ஒரு மணல்மேடு வளைந்து வளைந்து தொடுவானம் வரை போகும். சில எஸ்கர்களின் நீளம் பல நூறு கிலோமீட்டர். பனிவிரிப்பு உருகிய காலத்தில் அதன் அடியில் சுரங்கம் குடைந்துகொண்டு ஆறுகள் ஓடின. சுரங்கத் தரையில் மணலும் கூழாங்கற்களும் படிந்தன. பிறகு சுரங்கத்தின் சுவரும் கூரையும் உருகிப் போயின, படிந்த மணல் மட்டும் மேடாக நின்றுவிட்டது. மற்ற இடங்கள் சொதசொதவென்று இருக்கும்போது எஸ்கர் உலர்ந்திருக்கும். மணல் ஆழமாக இளகுவதால் ஓநாயும் நரியும் வளை தோண்டுவது அங்கேதான். கூடாரம் அடிப்பவர்கள் தேடுவதும் அதைத்தான்.

இந்த நிலத்துக்குக் கனூவைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. தெலான் ஆற்றை எடுத்துக்கொள்வோம். சுமார் 900 கிலோமீட்டர் நீளம். அதன் படுகை 1,42,000 சதுர கிலோமீட்டர். இத்தனை பெரிய படுகையில் ஊர் என்று இருப்பது ஆறு போய்ச் சேரும் பேக்கர் லேக் மட்டுமே. பயணிகள் யெல்லோநைஃப் நகரிலிருந்து, தண்ணீரில் இறங்கக்கூடிய மிதவை விமானத்தில் வந்து மேற்கே ஏதாவது ஓர் ஏரியில் இறங்குகிறார்கள். விமானம் திரும்பிப் போனபின் துணைக்கு இருப்பது ஐந்து மீட்டர் நீளமுள்ள, 35 கிலோ எடையுள்ள ஒரு படகு. இரண்டு ஆட்களையும் சில வாரங்களுக்கான சாப்பாட்டையும் ஏற்றிய பிறகும் அது மிதக்க ஒரு சாண் ஆழம் போதும். தண்ணீர் தீர்ந்தால் ஒருவர் அதைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்துவிடலாம். இதைச் சுமைநடை என்று சொல்லலாம். தெலானின் துணையாறான ஹான்பரியில் மக்டொனால்ட் அருவி, டிக்சன் மலையிடுக்கு, ஃபோர்டு அருவி, ஹெலன் அருவி என்று வரிசையாகச் சுமைநடை காத்திருக்கிறது. கணக்கு எளியது, கால்களுக்குத்தான் கடினம். சுமையை மூன்று நடையில் கொண்டுபோனால், ஒரு கிலோமீட்டர் இடைவெளிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். மூன்று முறை சுமையோடு, இரண்டு முறை வெறுங்கையோடு.

முதலில் இந்தப் படகைப் பூர்ச்ச மரப்பட்டையில் செய்தவர்கள் வட அமெரிக்கப் பழங்குடிகள். பட்டையைத் தேவதாரு வகை மரத்தின் வேர்நாரால் தைத்து, தையலில் பிசின் பூசி அடைத்தார்கள். வழியில் கிழிந்தால் கரையில் இருக்கும் மரமே பழுதுபார்க்கும் கடை. இன்றைய படகுகள் நெகிழியிலும் இழைக் கலவைகளிலும் வருகின்றன. வடிவத்தில் மாற்ற வேண்டியதாக யாருக்கும் அதிகம் தோன்றவில்லை.

இனி தண்ணீரைப் படிக்கும் கலை. ஆறு பாறைகளின் மேல் சரிந்து வேகமெடுக்கும் இடத்தை விரைவோட்டம் என்பார்கள். மேலிருந்து பார்த்தால் வெறும் நுரைக் கலவரமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு நுரைக்கும் பொருள் உண்டு. நீர்ப்பரப்பில் அம்புமுனை போன்ற வடிவங்களைத் தேட வேண்டும். முனை உங்களை நோக்கி, அதாவது மேல்நீர்ப் பக்கமாக இருந்தால், அந்த முனையில் ஒரு பாறை ஒளிந்திருக்கிறது, அதில் மோதித்தான் நீர் இருபுறமும் பிரிகிறது. முனை கீழ்நோக்கி இருந்தால் இரண்டு பாறைகளுக்கு நடுவே நீர் கூடிப் பாய்கிறது. வழுவழுப்பான கரிய நாக்கு போலத் தெரியும் அதுதான் வழி.

நாக்கு முடியும் இடத்தில் வரிசையாக அலைகள் எழும். அவை நகர்வதே இல்லை. கடலில் அலை நகர்ந்து போகும், தண்ணீர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். இங்கே தலைகீழ். தண்ணீர் பாய்ந்தோடுகிறது, அலை மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. வேகமாக வந்த நீர் கீழே மெதுவான ஆழநீரில் புகும்போது, தன்னிடம் மிஞ்சிய வேகத்தை மேலும் கீழும் குதித்துச் செலவழிக்கிறது.

பெரிய பாறைக்குப் பின்னால் இன்னொரு அதிசயம். பாறையைச் சுற்றி வந்த நீர், அதன் முதுகுப்புறத்துத் தாழ்வை நிரப்புவதற்காக மேல்நோக்கித் திரும்புகிறது. ஆறு முழுதும் கிழக்கே ஓடும்போது, அந்தச் சில அடி நீர் மட்டும் மேற்கே ஓடுகிறது. இந்த எதிரோட்டத்துக்குள் படகின் முன்முனையான அணியத்தை நுழைத்துவிட்டால் கனூ தானே திரும்பி, பாறையின் நிழலில் அசையாமல் நிற்கும். பாய்ச்சலின் நடுவே நின்று மூச்சுவாங்கி, அடுத்த ஐம்பது மீட்டரைத் திட்டமிட ஓர் இடம் கிடைக்கிறது.

ஓட்டத்தைக் குறுக்கே கடப்பதும் நுட்பமான வேலை. நேராக எதிர்க்கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டால் ஆறு உங்களைக் கீழே இழுத்துப்போய்விடும். அதனால் அணியத்தை மேல்நீர்ப் பக்கம் வைத்து, கரையை நோக்கிக் கொஞ்சமாகச் சாய்த்துக்கொள்கிறார்கள். துடுப்பின் விசை, நீரின் இழுப்பைச் சரிக்குச் சரி ஈடுகட்டுகிறது. மிச்சமிருக்கும் சாய்வில் நீர் படகின் பக்கத்தைத் தள்ளுகிறது. கனூ கீழேயும் போகாமல் மேலேயும் போகாமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே எதிர்க்கரை சேர்கிறது. ஆற்றின் பலத்தை ஆற்றுக்கு எதிராகவே பயன்படுத்தும் வித்தை இது. கணக்குப் பாடத்தில் திசையன் கூட்டல் என்று படித்தது இங்கே முழங்காலுக்கடியில் நடக்கிறது.

இதில் பிழை செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் அலை அல்ல, குளிர். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மானிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட், உறைநிலையை ஒட்டிய நீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்ற கணக்கை வகுத்துத் தந்தார். முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்துவதற்கு. தோலில் குளிர் பட்டதும் உடல் தன்னை அறியாமல் பெருமூச்சு இழுக்கும், அப்போது முகம் நீருக்குள் இருந்தால் ஆபத்து. அடுத்த 10 நிமிடம் கை கால் பயன்படும், கரையேறவோ படகைப் பிடிக்கவோ அவ்வளவுதான் அவகாசம். கடைசி 1 மணி நேரம், உடல் வெப்பம் தாழ்ந்து நினைவு தப்புவதற்கு முன். மிதவை அங்கி இல்லாதவருக்கு அந்த மணி நேரம் கிடைக்காது, கை ஓய்ந்ததும் மூழ்கிவிடுவார். 1955இல் ஆர்தர் மொஃபட் தலைமையில் ஆறு பேர் டிரெல் போன அதே டுபான்ட் ஆற்றில் சென்றார்கள். வழியில் நாட்கள் கழிந்தன, கோடை முடிந்தது. செப்டம்பர் 14 அன்று ஒரு விரைவோட்டத்தில் கனூக்கள் கவிழ்ந்தன. மற்றவர்கள் பிழைத்தார்கள். மொஃபட் குளிரில் இறந்தார்.

தெலானில் விரைவோட்டங்களைக் கடந்தபின் மரங்கள் வரவேற்கின்றன. மரங்கள் வளரும் எல்லையைத் தாண்டி வெகுதூரம் வந்தபிறகும் ஆற்றங்கரையில் ஸ்ப்ரூஸ் மரத்தோப்புகள்! பள்ளத்தாக்கின் மறைவும், ஆழமாக இளகும் மணலும் அவற்றைக் காக்கின்றன. கோடை போதாமல் விதை முளைக்காத ஆண்டுகளில், தாழ்ந்த கிளை மண்ணைத் தொட்டு வேர்விட்டுப் புது மரமாகும். பதியன் போட அங்கே யாரும் வேண்டியதில்லை, கிளைமேல் விழும் பனியின் பாரமே போதும்.

பேக்கர் லேக் ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே இருக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். வட்டம் 66.5 டிகிரியில், ஊர் 64 டிகிரியில். தாவரங்கள் அந்தக் கோட்டைக் கண்டுகொள்வதில்லை. மேற்கே மக்கென்சி ஆற்றின் கழிமுகத்தில் 68 டிகிரியிலும் மரங்கள் வளர்கின்றன. கிழக்கே சர்ச்சில் நகரில் 59 டிகிரியை எட்டுமுன்பே மரங்கள் முடிந்துபோகின்றன. கோடை பாதி கழியும்வரை பனிக்கட்டி மிதக்கும் ஹட்சன் விரிகுடா, தன் கரையோரம் முழுவதையும் குளிர்வித்து ஆர்க்டிக்கைத் தெற்கே இழுத்து வந்திருக்கிறது.

தெலான் கரையின் அந்த ஸ்ப்ரூஸ் தோப்பு ஒன்றில் மூன்று கல்லறைகள் இருக்கின்றன. 1926 கோடையில் ஜான் ஹார்ன்பி, எட்கர் கிறிஸ்டியன், ஹரால்ட் அட்லார்ட் மூவரும் கனூவில் வந்து இங்கே மரவீடு கட்டினார்கள். குளிர்காலச் சாப்பாட்டுக்கு அவர்கள் நம்பியது காரிபூ மான் கூட்டத்தை. அவர்கள் வந்து சேர்வதற்குள் கூட்டம் தெற்கே கடந்து போய்விட்டது. 1927 வசந்தத்தில் ஒருவர்பின் ஒருவராகப் பட்டினியில் இறந்தார்கள். கடைசிவரை நாட்குறிப்பு எழுதிய கிறிஸ்டியனுக்கு வயது 18. காகிதங்களை அணைந்த அடுப்புக்குள் பத்திரப்படுத்திவிட்டு அவர் இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துக் காவல்துறையினர் அவற்றைச் சாம்பலிலிருந்து எடுத்தார்கள். மூவரும் இறந்த அதே 1927இல்தான் கஸ்தூரி எருதுகளைக் காக்க இந்தப் பகுதி சரணாலயமானது. அதற்கான யோசனையைத் தம்முடைய 1900ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பின் முன்வைத்தவர்களில் ஜேம்ஸ் டிரெல்லும் ஒருவர். இன்று சரணாலயத்தின் பரப்பு சுமார் 52,000 சதுர கிலோமீட்டர்.

ஹார்ன்பிக்குக் கைவராத அறிவு, இதே நிலத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த உள்நாட்டு இனூயிட் மக்களிடம் இருந்தது. காரிபூ எங்கே ஆற்றைக் கடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மனித உருவம்போல் கல் அடுக்கி, மான்கூட்டத்தைக் கடவுத்துறைக்குத் திருப்பினார்கள். ஒடுங்கிய கயாக் படகுகளில் மறைந்திருந்து, நீந்தும் மான்களை ஈட்டியால் குத்தினார்கள். மான் நீரில் இறங்கும் கரையில் கூடாரம் அடிப்பதில்லை, இறைச்சி அறுப்பதில்லை என்று கட்டுப்பாடும் வைத்திருந்தார்கள். வெருண்ட கூட்டம் வேறு துறைக்குப் போய்விட்டால் குளிர்காலம் முழுக்கப் பட்டினி. தெலானுக்குத் தெற்கே கசான் ஆற்றின் அப்படிப்பட்ட ஒரு கடவுத்துறையைக் கனடா இன்று தேசிய வரலாற்றுச் சின்னமாகப் போற்றுகிறது.

காரிபூ ஆழமான ஏரிகளையும் தயங்காமல் நீந்திக் கடக்கிறது. அதன் மேல்மயிர் ஒவ்வொன்றின் உள்ளும் காற்றறைகள் நிறைந்திருக்கின்றன. குளிர்காலத்தில் வெப்பத்தைக் காக்கும் அதே காற்று நீரில் மிதவை அங்கியாகிறது. கனூ பயணி துணிக்கடையில் வாங்கும் இரண்டு உடைகளின் வேலையை ஒரே மயிர் செய்துவிடுகிறது.

கீழ்த்தெலானில் பெவர்லி, அபர்டீன், ஷுல்ட்ஸ் என்று பெரிய ஏரிகள் தொடர்கின்றன. இங்கே எதிரி காற்று. தடுக்க மரமில்லை. திறந்த நீர்ப்பரப்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு உயரமாக அலை வளரும். ஏரி ஆழமற்றதாக இருந்தால் அலைகள் நெருங்கி, செங்குத்தாக எழும். அப்போது கரையில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். ஜூலையில் சூரியன் சில மணி நேரமே மறைவதால் இரவு முழுதாக இருட்டுவதில்லை. மாலைக்குமேல் காற்று பெரும்பாலும் தணிவதால், பயணிகள் பகலில் தூங்கி இரவில் துடுப்புப் போடுகிறார்கள்.

காற்று நின்றால் கொசு வரும். ஆண்டின் பெரும்பகுதி முட்டையாக உறைந்து கிடந்து, பனி உருகிய குட்டைகளில் ஒரே சமயத்தில் வெளிவரும் கூட்டம் அது. ஆனால் அந்தக் கொசு மனித ரத்தத்துக்காக மட்டும் வாழவில்லை. பூந்தேனும் குடிக்கிறது. டிரையாஸ் என்ற வெள்ளைப் பூ சூரியனைத் தொடர்ந்து முகம் திருப்பும். கிண்ணம் போன்ற இதழ்கள் வெயிலைக் குவித்து, பூவின் நடுவைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி சூடாக்குகின்றன. பூச்சிகள் அங்கே வந்து குளிர்காய்ந்து, போகும்போது மகரந்தத்தைச் சுமந்துபோகின்றன.

திசை பார்ப்பதற்குத் திசைகாட்டியை நம்பியவர்களும் இங்கே தவித்திருக்கிறார்கள். 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் காந்த வடதுருவத்தைக் கண்ட பூத்தியா தீபகற்பம், பேக்கர் லேக்குக்குச் சில நூறு கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. துருவத்தை நெருங்க நெருங்க முள், கிடையாக நிற்பதைவிடத் தரையை நோக்கிக் குத்தவே விரும்பும். பக்கவாட்டு இழுப்பு பலவீனமாகி மந்தமாகத் தடுமாறும். அந்தத் துருவம் பிறகு வடக்கே நகர்ந்து, கனடாவை விட்டே வெளியேறி, சைபீரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

கடைசியாக பேக்கர் ஏரி. அதன் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர்தான் உயரம். ஆனால் சுற்றியுள்ள சரிவுகளில், கரைக்கு மேலே வெகு உயரத்தில், படிப்படியாகக் கூழாங்கல் வரிகள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் ஒரு பழைய கடற்கரை. மூன்று கிலோமீட்டர் பனியின் பாரத்தில் பூமியின் மேலோடு கீழே அமுங்கியிருந்தது. பனி உருகியதும் தாழ்ந்த நிலத்தில் கடல் புகுந்தது. அந்தப் பழங்கடலுக்கு, அதன் தடங்களைப் படித்தவரின் நினைவாக, டிரெல் கடல் என்று பெயர். பாரம் இறங்கிய நிலம் அன்றிலிருந்து மெல்ல எழுந்து கடலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வருகிறது. ஹட்சன் விரிகுடாவின் மேற்குப் பகுதி இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயர்கிறது. டிரெல் சகோதரர்கள் கனூவை இழுத்துக் கரையேற்றிய நிலம் இப்போது அன்றைவிட ஒரு மீட்டருக்கும் மேல் எழும்பி நிற்கிறது. எழுச்சி இன்னும் முடியவில்லை. எதிர்காலத்தில் இந்த வழியே வருபவர்கள் கடலைத் தொட இன்றைக்கு இருப்பதைவிடக் கூடுதல் தூரம் துடுப்புப் போட வேண்டியிருக்கும்.